மங்கிய பச்சை

"பாத்தீங்களா! இருபதே நிமிஷத்துல அணைஞ்சு போச்சு!" ஆய்வகத் திரையைக் காட்டிக் கை தட்டினார் இயக்குநர். சுற்றி நின்ற நாலு பேரும் தட்டினார்கள்.

செல்லுக்குள் நொதி வேலை செய்யும்வரை பச்சை ஒளி தெரியும். அந்த நொதியை முடக்கும் மருந்து பட்டால் ஒளி மங்கிவிடும். காலையில் மின்னிய செல்கள் இப்போது இருண்டு கிடந்தன.

மைக்ராஸ்கோப் பொறுப்பாளருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சார், அது மருந்தால இல்ல. பத்து செகண்டுக்கு ஒரு படம் எடுக்கச் சொன்னீங்க. ஒவ்வொரு படத்துக்கும் அவ்வளவு வெளிச்சம் அடிச்சா பச்சை தானா வெளுத்துடும்னு காலையிலயே தலைபாடா அடிச்சுக்கிட்டேன்."

"ஆரம்பிச்சுட்டியாம்மா? முட்டுக்கட்டை போடலன்னா உனக்குத் தூக்கமே வராதே!"

"நான் சொன்னது எதையாவது காதுல வாங்குனீங்களா? இன்னிக்கு..."

"போதும். மருந்து கம்பெனிக்கு மெயில் போட்டாச்சு. அடுத்த மாசமே நோயாளிகளுக்குக் கொடுத்துப் பாக்கலாம்னு எழுதிட்டேன்."

கதவு தட்டும் சத்தம் கேட்டது. கூரியர்காரர் ஓர் ஐஸ் பெட்டியை நீட்டினார். அவள் கையெழுத்துப் போட்டு வாங்கி, இயக்குநர் முன்னால் தொப்பென்று வைத்தாள்.

"என்னம்மா இது?"

"மருந்து சார். இப்பதான் வருது. இன்னிக்கு வெறும் ஒத்திகைன்னு மூணு தடவை சொன்னேன். காலையில செல் இருந்த கிண்ணத்துல நான் ஊத்துனது உப்புத்தண்ணி. அதையும் நோயாளிகளுக்குக் கொடுக்கச் சொல்லி இன்னொரு மெயில் போட்டுடுங்க."