ஆண் ஈ

அவள் மூச்சை நிறுத்தினாள்.

ஈ நகரவில்லை.

அழுகிய மரத்தின் அடியில் ஒரு காளான். அதன் விளிம்பில் உட்கார்ந்திருந்தது. எள்ளில் பாதிகூட இருக்காது. வால்நுனி மட்டும் கொக்கிபோல் உள்ளே வளைந்திருந்தது.

ஆண்.

மூன்று வருடமாக இந்தக் காட்டில் அவளுக்கு அகப்பட்டதெல்லாம் பெண். பெண் ஈக்கள் பக்கத்து இனங்களைப் போலவே இருக்கும்; அவற்றை வைத்து இந்தப் புது இனத்துக்குப் பெயர் வைக்க முடியாது. ஆண் வேண்டும். ஒன்று போதும்.

வனத்துறை கொடுத்த அனுமதி இன்று நான்கு மணியோடு முடிகிறது. மணி மூன்றரை.

கழுத்தில் அட்டை ஊர்ந்தது. தாடைக்கு ஏறியது. கன்னத்தைக் கடந்து கீழ் இமையில் ஒட்டிக்கொண்டது.

கையைத் தூக்கினால் ஈ பறந்துவிடும். தூக்கவில்லை.

பின்னால் பாறைமேல் வனத்துறை வாட்சர் பூதத்தான் வெற்றிலைக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார்.

“ஈ ஓட்டுறவன எங்கூருல நெறையப் பாத்திருக்கேன் மேடம். ஈ புடிக்கச் சம்பளம் வாங்குற ஆள இப்பத்தான் பாக்கேன்.”

அவள் சிரிக்கவில்லை.

ரப்பர் குழாயின் ஒரு முனை அவள் பற்களுக்கிடையே இருந்தது. மறுமுனையில் செருகிய கண்ணாடிக் குழலை ஈயின் பக்கம் நகர்த்தினாள். ஒரு விரல் தூரம். அரை விரல்.

உறிஞ்சினாள்.

காளானில் ஈ இல்லை.

குழலை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். அதிலும் இல்லை.

நாக்கின் மேல் ஏதோ துடித்தது.

ஈ வாய்க்குப் போகாமல் குழாய்க்குள் தடுக்கும் வலைத்துணியைக் காலையில் ஓடையில் அலசியிருந்தாள். கரையில் ஒரு கல்லின் மேல் காயவைத்தாள். திரும்ப எடுத்து மாட்டவில்லை.

குழாயை எடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள். நாக்கை அசைக்கவில்லை. ஈயைப் போட்டுவைக்கும் ஸ்பிரிட் குப்பி பூதத்தானின் பையில் இருந்தது. கையை நீட்டிப் பையைக் காட்டினாள்.

“புடிச்சாச்சா?”

தலையை ஆட்டினாள். மறுபடி பையைக் காட்டினாள்.

“தண்ணி வேணுமா?”

கையை வேகமாக ஆட்டினாள். உதட்டைக் காட்டினாள். பையைக் காட்டினாள்.

பூதத்தான் எழுந்து பக்கத்தில் வந்தார். குனிந்து பார்த்தார்.

“அட, கண்ணுலயா கடிச்சிருக்கு! அதான் இந்த முழி முழிக்கியளா?”

பையைத் திறந்தார். துழாவினார். குப்பியை ஓரமாகத் தள்ளிவிட்டு, அட்டைமேல் வைக்கப் புகையிலைப் பொட்டலத்தை எடுத்தார். நிதானமாகப் பிரித்தார்.

“வாயத் தொறந்து சொன்னா என்ன மேடம்?”

நாக்கின் மேல் துடிப்பு நின்றிருந்தது.

எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது.