எண்ணூற்று எண்பத்தொன்று

"உடற்பயிற்சிக் கண்காட்சிக்கு எட்டுப் பாடசாலையும் சேர்த்து மொத்தம் எண்ணூற்று எண்பத்தொரு பிள்ளைகள். முதன்மை எண். எப்படி நிற்பாட்டினாலும் வரிசை சமமா வராது," என்றார் உடற்பயிற்சி ஆசிரியர். "ஓராள் விலகினாத்தான் சரி. கணக்கில கெட்டிக்காரி நீதானே, சனூஸா. மற்றப் பிள்ளைகளுக்கு இது விளங்காது, அழுவாங்க."

சனூஸா அழவில்லை. வீட்டுக்கு வந்து அந்த எண்ணை ஏழால், பதினொன்றால், பதின்மூன்றால் என்று இருபத்தொன்பது வரை வகுத்துப் பார்த்தாள். எதனாலும் மீதியின்றி வகுபடவில்லை.

"சேர் சொன்னது உண்மைதான், உம்மா. நான் விலகினா எண்ணூற்று எண்பது. இருபத்திரண்டு வரிசை, வரிசைக்கு நாற்பது பேர்."

"மூணு மாசமாப் பழகின பிள்ளைக்கு இப்ப கணக்கா சொல்றார் அந்த மனுசன்? நான் போய்க் கேட்கட்டா?"

"கேட்டு என்ன செய்ய? கணக்கோட சண்டை பிடிக்க ஏலாது."

கண்காட்சி துறைமுகத்துக்கு எதிரே இருந்த மைதானத்தில் நடந்தது. சனூஸா உம்மாவோடு பார்வையாளர் பக்கம் இருந்து வரிசைகளை எண்ணினாள். இருபத்தொன்று. வரிசைக்கு நாற்பத்திரண்டு பேர். கடைசி வரிசையின் ஓரத்தில் மட்டும் ஓர் ஆளுக்கான இடம் வெறுமையாக இருந்தது.

மனதுக்குள் பெருக்கி, ஒன்றைக் கழித்தாள். அவள் இல்லாமலே அங்கே எண்ணூற்று எண்பத்தொரு பேர் நின்றார்கள். அவளும் போய் நின்றிருந்தால் வரிசைகள் சமமாகியிருக்கும்.

"என்ன மகள், சேர்ட கணக்குச் சரியா?"

"ஓம் உம்மா. முதன்மை எண்தான். வாங்க, வீட்ட போவம்."

உம்மா குனிந்து, அவளுடைய இடது காலில் தளர்ந்திருந்த இரும்புச் சட்டத்தின் வாரை இறுக்கிவிட்டாள்.