கிளமென்ட்டின் கை நடுக்கம்

"மறைக்காம சொல்லுங்க கிளமென்ட். இன்னமும் அந்த வேலையைத்தான் செய்யறீங்களா?"

தில்லை நகர் கிளினிக்கில் டாக்டர் மஜீதா கேட்ட கேள்வி கிளமென்ட்டுக்குச் சுருக்கென்று தைத்தது. "மாதா சத்தியமா இல்லைங்க டாக்டர். போன வருஷம் நீங்க சொன்ன அன்னைக்கே விட்டுட்டேன்" என்றார். சொல்லும்போதே மடியில் கிடந்த இரண்டு கைகளும் நடுங்கின.

பக்கத்தில் மனைவி இருதயமேரி தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். இதுவரை அவளை அவர் இங்கே அழைத்து வந்ததில்லை. இன்று காலை கோயிலில் பூசை நடுவே மயங்கி விழுந்தவரை அவளே ஆட்டோ பிடித்துக் கொண்டுவந்து சேர்த்திருந்தாள்.

ரத்த அழுத்தம் பார்க்கும் கருவிகளைப் பழுது பார்க்கும் தென்னூர்க் கடையில் அறுபத்தெட்டாம் வருஷம் சேர்ந்தவர் கிளமென்ட். கருவியிலிருந்து பாதரசத்தை வடித்து, துணியில் பிழிந்து அழுக்கு நீக்கி, திரும்ப ஊற்றுவார். உள்ளங்கையில் விட்டு உருட்டி ரசிப்பதும் உண்டு. அதன் ஆவி மூச்சோடு உள்ளே போய் நரம்பைத் தின்னும் என்று அந்த மனிதருக்கு யார் சொன்னார்கள்? பதினான்கு வருடம் கழித்துக் கை நடுங்கத் தொடங்கியபோது டாக்டர்தான் சொன்னார். அந்தக் காலத்தில் சீமையில் தொப்பி செய்தவர்களும் கண்ணாடிக்கு ரசம் பூசியவர்களும் இப்படித்தான் நடுங்கி, சிடுசிடுத்து, புத்தி பேதலித்துப் போனார்களாம். வேலையை விட்டால் மெல்லச் சரியாகிவிடும் என்றார்.

அன்றைக்கே முதலாளியிடம் கெஞ்சி, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கி ஆர்டர் பிடிக்கும் வேலைக்கு மாறிக்கொண்டார். வீட்டில் மூச்சு விடவில்லை. மகள் அக்னசுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம். அப்பனுக்கு நரம்பு வியாதி என்று தெரிந்தால் எவன் பெண் எடுப்பான்? இருதயமேரிக்கோ வாயில் எதுவும் தங்காது. கை ஏன் இப்படி ஆடுகிறது என்று அவள் கேட்டபோதெல்லாம் எரிந்து விழுந்தார். ஒரு கட்டத்தில் அவளும் கேட்பதை விட்டுவிட்டாள்.

வரன் அமைந்தது. அடுத்த மாதம் கல்யாணம். மகளின் கையைப் பிடித்துப் பீடம் வரை நடத்திப்போக வேண்டும். அதற்குள் இந்தக் கை ஒரு நிலைக்கு வராதா என்பதுதான் பாவம், அவருடைய ஒரே வேண்டுதல்.

போன வாரம் மெட்ராஸுக்கு அனுப்பிய சிறுநீர்ப் பரிசோதனையின் முடிவு டாக்டரின் மேஜையில் இருந்தது.

"உங்க உடம்புல விஷம் போன வருஷத்தைவிட இப்பதான் அதிகமா இருக்கு. இப்படியே போனா அடுத்த மாசம் நீங்க எழுந்து நடப்பீங்களான்னே சொல்ல முடியாது."

தொடாத பொருள் எப்படி ஏறும் என்று கிளமென்ட்டுக்கு விளங்கவில்லை. டாக்டருக்கும் விளங்கவில்லை. அவர் இருதயமேரியின் பக்கம் திரும்பி, கடை, பாதரசம், நடுக்கம் என்று நடந்ததையெல்லாம் முதலிலிருந்து பொறுமையாகச் சொன்னார். வீட்டில் பாதரசம் ஏதாவது இருக்கிறதா என்றும் கேட்டார்.

இருதயமேரியின் முகம் வெளுத்துப்போனது. கணவரைப் பார்க்கும் தைரியம் அவளுக்கு இல்லை.

"அப்ப இவரு குடிக்கிறதால கை நடுங்கலையா டாக்டர்?"

"நான் என்னைக்கு மேரி குடிச்சேன்?" என்றார் கிளமென்ட்.

அவள் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு அழுதாள்.

"குடியை மறக்க வைக்கும்னு ஒரு வைத்தியர் பொடி குடுத்தாரு டாக்டர். இவருக்குத் தெரியாம ஒரு வருஷமா சோத்துல கலந்து போடறேன்... பாதரசத்தைச் சுட்டு எடுத்த பஸ்பம்னு சொன்னாரு."