எலி தூக்கிய மெமரி

"மூணு மாசம் கோர்ஸ் படிச்சிட்டுப் பையைத் தூக்கிட்டு வந்துடுறீங்க. அரை மணி நேரமா ஒரே பட்டனைத்தான் அமுக்கிட்டிருக்கே!"

சாய்வு நாற்காலியில் கிடந்தபடி சுகதன் மாஷ், கம்ப்யூட்டர் ரிப்பேருக்கு வந்திருந்த சனலைக் குத்திக்காட்டினார். மாஷ் ரிடையர்டு பள்ளி ஆசிரியர். கேரளத்துப் பய்யனூரின் பகுத்தறிவு மன்றச் செயலாளர். அவருடைய கம்ப்யூட்டரில் ஃபேன் சுற்றியது, விளக்கு எரிந்தது. திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது.

சனல் பல்லைக் கடித்துக்கொண்டான். அவனை அனுப்பியவர் அச்சகக்காரர் ஹம்ஸா. 'பூஜை வைப்பு என்னும் மடமை' என்று மாஷ் எழுதிய நோட்டீஸ் அந்தப் பெட்டிக்குள் மாட்டிக்கொண்டிருந்தது. மதியத்துக்குள் அது மன்றத் தலைவர் பிரேமராஜனுக்குப் போய், அவர் பார்த்து அச்சகத்துக்கு அனுப்பினால்தான் நாளை விடிந்ததும் கோயில் வாசலில் கொடுக்க முடியும். அதை மட்டும் முடித்துக் கொடுத்தால் அச்சகத்துக் கம்ப்யூட்டர் அத்தனையையும் இனி சனலே பார்த்துக்கொள்ளலாம் என்று ஹம்ஸா சொல்லியிருந்தார்.

மாஷின் மனைவி விலாசினி பாலில்லாத கட்டன் சாயா கொண்டுவந்து வைத்தாள்.

"இன்னிக்கு நவமி, மோனே. நேத்து சாயங்காலமே பேரப்பிள்ளைங்க புஸ்தகம், என் தையல் கத்திரிக்கோல் எல்லாம் கோயில்ல பூஜைக்கு வெச்சாச்சு. நாளைக்குக் காலையில ஏழே முக்காலுக்குத்தான் எடுக்கணும். அதுவரைக்கும் யாரும் எழுத்தைத் தொடக் கூடாது. அதான் இவரு கம்ப்யூட்டரும் அடங்கிக் கெடக்கு."

"கேட்டியாடா இவ சயன்ஸை? சரஸ்வதி நேர்ல வந்து ஃப்யூஸைப் பிடுங்கிட்டாளாம்!" மாஷ் வயிறு குலுங்கச் சிரித்தார். "முப்பத்தஞ்சு வருஷமா ஒரே வீட்டுல இருக்கா. என் அறிவு ஒரு துளி ஒட்டலையே!"

"அது ஒட்டக் கூடாதுன்னும் சேத்துத்தான் கும்பிடுறேன்" என்றாள் விலாசினி.

சனல் பெட்டியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தான். திரை வரத் தேவையான மெமரி, அந்த விரல் நீள ரேம் பட்டை, இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது.

"மாஷே, மெமரியைக் காணோம்! யாரோ கழட்டியிருக்காங்க."

"எலி இழுத்துட்டுப் போயிருக்கும்."

"ரெண்டு பக்கக் கிளிப்பையும் விரிச்சு, பதமா எடுக்கிற எலியா?"

சனலின் பார்வை விலாசினி மேல் போனது. கத்திரிக்கோலைக் கொண்டுபோனவள் இதையும் கொண்டுபோயிருக்க மாட்டாளா என்ன!

"என்னை ஏன்டா பாக்குறே? அந்தப் பெட்டியைத் துடைக்கக்கூட என்னை விடமாட்டாரு" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

மாஷ் எழுந்து நின்றார். "போகட்டும் விடு. நாளைக்குப் பாத்துக்கலாம். ஹம்ஸாகிட்ட நான் பேசிக்கிறேன்."

"உங்களுக்கென்ன மாஷே, என் பொழப்புல்ல போகும்? பையில ஒரு மெமரி வெச்சிருக்கேன். இதோ..."

"வேண்டாம்டா!"

அதற்குள் 'பீப்' என்று சத்தம் கேட்டது. திரையில் வெளிச்சம் வந்தது.

"ஆச்சு! வந்து அனுப்புங்க, மாஷே."

மாஷ் வரவில்லை. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, கீபோர்டைப் பார்த்து ஓர் அடி பின்வாங்கினார். உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"மெல்லப் பேசுடா. இன்னிக்கு எழுத்தைத் தொட்டா, படிச்சதெல்லாம் மறந்து போயிடும். மெமரி கோயில்ல, தேவி காலடியில இருக்கு. பெட்டியோட தூக்கிட்டுப் போனா ஊரே பாக்கும்ல?"

சனலுக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. இந்த மனுஷனிடமா அரை மணி நேரம் ஏச்சு வாங்கினோம்! அவன் போனை எடுத்துத் தலைவர் பிரேமராஜனைக் கூப்பிட்டான்.

"சார், மாஷோட கம்ப்யூட்டர் ரெடி. நோட்டீஸை நானே உங்களுக்கு அனுப்புறேன். பாத்துட்டு உடனே அச்சகத்துக்கு அனுப்பிடுங்க."

அந்தப் பக்கம் பிரேமராஜனும் குரலைத் தாழ்த்தினார்.

"அய்யோ, அனுப்பிடாதே சனலே! இங்கேயும் மெமரியை எலி தூக்கிட்டுப் போயிடுச்சு. நீ ஒண்ணும் பதறாதே, நாளைக்குக் காலையில ஏழே முக்காலுக்கு மேல கெடைச்சுடும்."