கடைசி வரிசையில் கடுகளவு முகம்

செத்துப்போன என் மனைவி கோலம்மாள்மேல் ஆணை, இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. பதினாறாம் நாள் காரியத்தில் மாலை போடுவதற்கு அவள் படம் வேண்டுமென்று ஸ்டுடியோவுக்குப் போனேன். கையில் இருந்தது ஒரு கல்யாண குரூப் போட்டோ. கடைசி வரிசையில், கடுகளவு முகம்.

“பெரிசாக்குனா உடைஞ்சிரும் அண்ணாச்சி. அந்த முகத்துல மொத்தமே பன்னெண்டு பிக்சல் கட்டந்தான் இருக்கு” என்றான் ஸ்டுடியோக்காரன் செல்வின்.

“நீ ஆக்குடே.”

ஆக்கினான். முகம் கட்டங்கட்டமாக உடைந்தது. இன்னும், இன்னும் என்றேன். கடைசியில் திரை முழுக்க ஒரே கட்டம், அவள் கண்ணின் கறுப்பு. அதற்குள்ளிருந்து, “இம்புட்டுக் கிட்டத்துல பாக்காதீய, கூச்சமா இருக்கு” என்றாள். செல்வின் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டான். அந்தக் கறுப்பைத்தான் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன்.

இத்தனைக்கும் கோலம்மாள் தன் ஆயுளில் ஒருமுறைகூடப் போட்டோவுக்கு நின்றதில்லை, அந்தக் கல்யாணத்திலும்.