பூரியின் முகம்

நாளைக்குப் பதினாறாம் நாள் காரியம். கழுவிவிட்ட வீட்டில் ஈரம் காயவில்லை. மலை மறைப்பதால் நாலரை மணிக்கே வெயில் சுவரேறிப் போகிறது. கொடியிலிருந்து எடுத்த கணவரின் காக்கிச் சட்டையை மணியம்மை பூனை பூரியின் முன் விரிக்கிறாள். அரக்கோணத்தில் வேலை முடிந்து வந்து கங்காதரன் கழற்றிப் போடும் சட்டையை முகர்ந்துவிட்டுப் பூரி வாயைப் பாதி திறந்து, மேலுதட்டைச் சுருக்கி, கண் சொருகி நிற்கும். "என் வேர்வை ஒனக்கே தாங்கலையாடா?" என்று அவர் சிரிப்பார். அவர் போன பிறகும் தினம் அந்த முகத்தைக் காட்டியது. அதற்காகவே சட்டையைத் துவைக்காமல் வைத்திருந்தாள். தெரியாமல் நாத்தனார் இன்று துவைத்துவிட்டாள். மனிதர் மூக்குக்கு எட்டாதது பூனைக்கு எட்டாதா? பூரி காலரை முகர்கிறது, அக்குளை முகர்கிறது. வாய் திறக்கவில்லை. சட்டையைத் தாண்டிப் போய்த் தன் காலை நக்குகிறது.

"அண்ணன் சட்டையத்தான் அண்ணி மொதல்ல எடுத்தேன்," என்கிறாள் நாத்தனார் கெஜலட்சுமி. அழுதழுது அவள் குரல் கம்மியிருக்கிறது. "கல்லுல அடிச்சி ரெண்டு தபா அலசினேன். கடைசியா அண்ணனுக்குச் செய்யறதாச்சே. சுத்தமா கீதுல்ல?"

மணியம்மை சட்டையை மடித்து மடியில் வைத்துக்கொள்கிறாள்.

"ஆங், நல்லா வெளுத்திருக்குது கெஜா."