பத்துக்கு எவ்வளவு

சாந்தன்பாறை ஏலக்காய்த் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் மழை விட்டிருக்கிறது. ஐந்து மணி வெளிச்சம் ஈரச் சுவரில் மங்கிக்கொண்டிருக்கிறது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பிசியோதெரபிஸ்ட் வினோ, மடியிலுள்ள ஆய்வுப் படிவத்தின் கடைசிக் கேள்வியைக் கேட்கிறான். மூன்று மாதப் பயிற்சிக்குப் பிறகு இடுப்பு வலி பத்துக்கு எவ்வளவு? காலையிலிருந்து பதினெட்டாவது முறையாகக் கேட்கிறான். குரலில் கேள்வியே இல்லை. எதிரே படியில் அமர்ந்திருக்கும் அன்னமேரி, ஏலக்காய் எடுத்துக் கறுத்த விரல்களைப் பார்த்துக்கொண்டே சொல்கிறாள்: “போன தடவ எட்டு சொன்னேன்ல தம்பி? இப்ப மூணுன்னு போட்டுக்கிடுங்க.” அவன் எழுதுகிறான். உள்ளே அடுப்பில் கஞ்சி பொங்கி வழிந்து சீறுகிறது. அவள் அவசரமாக எழப் பார்க்கிறாள். ஒரு கை கதவு நிலையைப் பிடிக்கிறது, மறு கை இடுப்பை அழுத்துகிறது. பாதி எழுந்தவள் அப்படியே நின்றுவிடுகிறாள்.

“உண்மையச் சொல்லுங்கக்கா, எவ்வளவு?”

“எட்டுதான் தம்பி. குறையவே இல்ல. நீங்களும் பாவம், மழையில மேடேறி வந்து சொல்லிக்குடுத்தீங்க. எட்டுன்னு போட்டா மேல உள்ளவங்க உங்கள வைய மாட்டாங்களா?”

வினோ மூன்றை அடித்து, எட்டு என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போடுகிறான். பேனாவை மூடவில்லை. பையிலிருந்து மற்ற பதினேழு படிவங்களையும் எடுத்துப் புரட்டுகிறான். எல்லாவற்றிலும் இரண்டும் மூன்றுமாகவே இருக்கிறது. அந்தப் பதினேழு பேரில் ஒருவர் எழுந்து நிற்பதைக்கூட அவன் பார்க்கவில்லை.